கார்ன்வாலின் திறந்த கணக்கு

நீராவி இன்ஜினைப் பற்றிப் பேசும் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஜேம்ஸ் வாட்டோடு நின்றுவிடும். கெட்டில் மூடி துள்ளுவதைப் பார்த்த சிறுவன் பின்னாளில் உலகை மாற்றினான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வாட் விட்ட இடத்தில் இன்ஜின் நிற்கவில்லை. அவருடைய காப்புரிமை காலாவதியான அரை நூற்றாண்டுக்குள், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் சுரங்க வட்டாரத்தில், ஒரே அளவு நிலக்கரியைக் கொண்டு இன்ஜின் செய்யும் வேலை சராசரியாக மும்மடங்கானது. சிறந்த இன்ஜின்களில் அது ஆறு மடங்கைத் தொட்டது. இதைச் சாதித்தவர்களில் ஒருவர்கூட வாட் அளவுக்குப் புகழ்பெறவில்லை. அவர்களுடைய ஊரில் ஒரு வழக்கம் இருந்தது: யார் எந்த மாற்றத்தைச் செய்தாலும், அதனால் வந்த லாபமும் நட்டமும் மாதந்தோறும் அச்சாகி எல்லோர் கைக்கும் போய்விடும். படைப்பாற்றல் உள்ளவர்கள் தங்கள் யோசனைகளை ஏன் வெளிப்படையாகப் பகிர வேண்டும் என்ற கேள்விக்கு அறிவுரையாக விடை சொல்வது எளிது. கார்ன்வாலின் பதிவேடுகள் அந்த விடையை எண்களாகவே சொல்கின்றன.

அந்த ஊரின் நெருக்கடியிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். கார்ன்வால் மண்ணுக்கடியில் வெள்ளீயமும் செம்பும் இருந்தன. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த அந்த நிலத்தில், தோண்டத் தோண்டச் சுரங்கத்துக்குள் தண்ணீரும் ஊறியது. இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும். இறைக்க இன்ஜின் வேண்டும், இன்ஜினுக்குக் கரி வேண்டும், கார்ன்வாலிலோ கரி கிடையாது. தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, துறைமுகத்திலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். 1712-இல் தாமஸ் நியூகோமன் அமைத்த வகை இன்ஜின், நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் நின்று யாரும் வாங்காத கரித்தூளைத் தின்றுகொண்டிருந்தவரை, எவ்வளவு தின்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதே இன்ஜின் கார்ன்வாலுக்கு வந்தபோது அதன் பசியே சுரங்கத்தின் தலையெழுத்தை முடிவுசெய்தது. செம்பு எடுத்து வந்த காசையெல்லாம் கரிக்கே கொடுத்துவிட்டுச் சுரங்கத்தை மூட வேண்டிய நிலை. ஆகவே கரியை மிச்சப்படுத்தும் எந்த யோசனையும் அங்கே தங்கத்துக்குச் சமம்.

அப்படியொரு யோசனையோடுதான் வாட் வந்தார். நியூகோமன் இன்ஜினில் நீராவியைக் குளிரவைக்க உருளைக்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். ஒவ்வொரு முறையும் உருளை குளிரும், மறுபடி சூடேறும், கரி வீணாகும். நீராவியைத் தனியான ஒரு கலத்துக்கு இழுத்து அங்கே குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்று 1765-இல் வாட்டுக்குத் தோன்றியது. 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1775-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதை 1800 வரை நீட்டித்தது. வாட்டும் அவருடைய கூட்டாளி மாத்யூ போல்டனும் 1777-இல் கார்ன்வாலில் முதல் இன்ஜினை நிறுத்தினார்கள். கட்டணம் வசூலித்த முறை சாமர்த்தியமானது: பழைய இன்ஜினோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு காப்புரிமைக் காலம் முழுவதும் அவர்களுக்கு. இன்ஜின் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ண, அதன் துலாக்கட்டையில் பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணும் கருவியைப் பொருத்தினார்கள். சாவி அவர்களுடைய ஆட்களிடம் இருந்தது.

வாட்டின் இன்ஜின் கார்ன்வாலைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. அந்தக் காப்பாற்றலுக்குக் கொடுத்த விலை என்ன என்பதுதான் கேள்வி. கட்டணம் கண்ணுக்குத் தெரிந்த விலை. கண்ணுக்குத் தெரியாதது, மற்றவர்கள் செய்திருக்கக்கூடிய வேலை. ஜோனதன் ஹார்ன்புளோயர் என்ற கார்ன்வால் பொறியாளர், நீராவியை ஒரு உருளையில் பயன்படுத்தியபின் இன்னொரு பெரிய உருளையிலும் விரியவிட்டு இரண்டு முறை வேலை வாங்கும் கூட்டு இன்ஜினுக்கு 1781-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்கும் தனிக்கலத்தில் நீராவியைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அது வாட்டின் வேலிக்குள் இருந்தது. வழக்குகள் 1799 வரை இழுத்தன, ஹார்ன்புளோயர் தோற்றார். உருளையைத் தலைகீழாக நிறுத்தி எளிய இன்ஜின் கட்டிய எட்வர்ட் புல்லும் வழக்கில் சிக்கினார். நல்லதொரு வழி கால் நூற்றாண்டு முளையிலேயே நின்றது. உயர் அழுத்த நீராவி ஆபத்தானது என்று வாட் உறுதியாக நம்பினார், அந்தக் கால பாய்லர்களை வைத்துப் பார்த்தால் அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. ஆனால் துறைக்கே ஒருவர் வாயிற்காவலராக இருந்தபோது, அவருடைய அச்சம் எல்லோருக்குமான தடையாக மாறிவிட்டது. அவருடைய நிறுவனத்துக்காகக் கார்ன்வாலில் வேலை பார்த்த வில்லியம் முர்டாக் 1784-இல் தானாக ஓடும் நீராவி வண்டியின் சிறு மாதிரியைச் செய்தார். அந்த வழியில் மேற்கொண்டு போக அவருக்கு ஊக்கம் கிடைக்கவில்லை.

வேலி போடுபவரையே வேலி குத்தும் என்பதற்கும் வாட்டின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. மேலும் கீழும் அசையும் இயக்கத்தைச் சுழலும் இயக்கமாக மாற்ற எளிய வழி, தையல் எந்திரத்தில் நாம் பார்க்கும் கிராங்க். நீராவி இன்ஜினில் அதைப் பயன்படுத்தும் உரிமையை 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்ட் வாங்கிவிட்டார். அதனால் வாட் அதைத் தொட முடியாமல், ஒரு பற்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் சுற்றுவழியான அமைப்பை 1781-இல் உருவாக்க வேண்டியதாயிற்று. வாட்டின் மூல யோசனைக்குப் பின்னால் இருந்தவற்றையும் எண்ணிப் பார்க்கலாம். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பழுதுபார்க்கத் தந்த நியூகோமன் மாதிரி, உள்ளுறை வெப்பத்தைப் பற்றி ஜோசப் பிளாக் மறைக்காமல் விளக்கிய அறிவு, உருளையைத் துல்லியமாகக் குடைய ஜான் வில்கின்சன் கண்ட எந்திரம் ஆகிய மூன்றும் இல்லாமல் வாட்டின் இன்ஜின் இல்லை. பிறர் சொல்லித் தந்ததிலிருந்து பிறந்த யோசனைக்குப் பூட்டுப் போட்டால், அதிலிருந்து பிறக்க வேண்டிய அடுத்த யோசனைக்கும் சேர்த்துப் பூட்டு விழுகிறது.

1800-இல் காப்புரிமை முடிந்தது. பூட்டு திறந்ததும் புதுமைகள் கொட்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. போல்டன்–வாட் ஆட்கள் ஊரை விட்டுப் போனபின் இன்ஜின்களைக் கண்காணிக்க ஆளில்லை. ஒவ்வொரு சுரங்கமும் தன் பாட்டுக்கு ஓட்டியது, எது எவ்வளவு கரி தின்கிறது என்பதற்கு ஒத்த கணக்கு எங்கும் கிடையாது. வாட் காலத்தில் எட்டிய திறன்கூடப் பல இடங்களில் சரிந்தது. இந்தப் பத்தாண்டுத் தேக்கம் நம் வாதத்துக்கு மிக முக்கியமானது. தடை நீங்குவது ஒன்று, பகிர்வு நடப்பது இன்னொன்று. யாரும் யாரையும் தடுக்காத இடத்திலும் அறிவு அவரவர் சுவருக்குள் கிடக்கலாம். அது பிறர் கைக்குப் போக ஒரு வழி வேண்டும், பிறர் சொல்வதை நம்ப ஒரு பொது அளவுகோல் வேண்டும். இரண்டையும் யாராவது முனைந்து உருவாக்கினால்தான் உண்டு.

உருவாக்கியவர் ஜோயல் லீன் என்ற சுரங்கக் கேப்டன். கார்ன்வாலில் சுரங்க வேலையை நேரடியாக நடத்தும் மேலாளரைக் கேப்டன் என்பார்கள். 1811-இல் சுரங்கப் பங்குதாரர்களும் மேலாளர்களும் சேர்ந்து, ஒவ்வொரு இன்ஜினின் செயல்பாட்டையும் பொதுவான ஒருவர் அளந்து மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று முடிவுசெய்து, அந்த வேலையை லீனிடம் ஒப்படைத்தார்கள். செலவைச் சுரங்கங்களே பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே லீன் காலமாக, மகன்கள் தாமஸும் ஜானும் தொடர்ந்தார்கள். அந்த அறிக்கை அகலமான ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஓர் இன்ஜின். சுரங்கத்தின் பெயர், உருளையின் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம், எத்தனை ஆழத்திலிருந்து எந்த விட்டக் குழாயில் நீர் இறைக்கிறது, அந்த மாதம் எரித்த கரி, பிஸ்டன் அடித்த மொத்த எண்ணிக்கை என வரிசையாகப் போய், கடைசியில் டியூட்டி என்ற ஒற்றை எண்ணில் வந்து நிற்கும். 94 பவுண்டு எடையுள்ள ஒரு புஷல் கரியை எரித்தால், எத்தனை பவுண்டு தண்ணீரை ஓரடி உயரம் தூக்க முடிகிறது என்பதே டியூட்டி. அதற்கு அருகிலேயே பொறியாளரின் பெயரும், என்ன மாற்றம் செய்தார் என்ற குறிப்பும் இருக்கும். ஒரு தனியார் நிறுவனம் தன் வசூலுக்காகப் பூட்டி வைத்த எண்ணும் பெட்டி, இப்போது ஊரே படிக்கும் கணக்குக்கு உதவியது.

முதல் அறிக்கைகளில் இன்ஜின்களின் சராசரி டியூட்டி 2 கோடியைக்கூட எட்டவில்லை. உடனடியாக இரண்டு விதமான ஆட்கள் இந்தத் திறந்த களத்துக்குள் வந்தார்கள். ரிச்சர்ட் டிரெவிதிக் 1812-இல் க்விதியன் ஊருக்கு அருகிலிருந்த வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் உயர் அழுத்த நீராவியில் இயங்கும் இன்ஜினை நிறுத்தினார். நீராவியை உருளைக்குள் சிறிது நேரம் மட்டும் விட்டு அடைத்துவிட்டு, மீதித் தூரத்தை அது தானாக விரிந்து தள்ளும்படி செய்தார். விரியவிடும் கொள்கை வாட்டுக்கே தெரிந்ததுதான், 1782-இல் அதற்கும் காப்புரிமை பெற்றிருந்தார். தாழ்ந்த அழுத்தத்தில் அதனால் பெரிய பயன் விளையவில்லை. உயர் அழுத்தத்தோடு அதை இணைத்தபோதுதான் அது உயிர்பெற்றது. டிரெவிதிக் இந்த இன்ஜினுக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. ஆர்தர் வூல்ஃப் வேறு வழியில் வந்தார். ஹார்ன்புளோயரின் பழைய கூட்டு இன்ஜின் யோசனையை உயர் அழுத்தத்தோடு சேர்த்து 1804-இல் காப்புரிமை பெற்றவர், 1814-இல் வீல் ஆபிரகாம் சுரங்கத்தில் அதை ஓட்டிக் காட்டினார். அதன் டியூட்டி 5 கோடியைக் கடந்ததை எல்லோரும் அறிக்கையில் படித்தார்கள்.

இங்கே ஒரு சுவையான திருப்பம். வூல்ஃபின் இன்ஜின் நல்ல எண்ணைக் காட்டினாலும், இரண்டு உருளை கொண்ட அதைக் கட்டவும் பராமரிக்கவும் செலவு அதிகம். டிரெவிதிக் வழியில் வந்த ஒற்றை உருளை இன்ஜின்கள் படிப்படியாக அதே அளவை நெருங்குவதை அட்டவணை மாதாமாதம் காட்டியது. 1820-களில் வூல்ஃபே தன் காப்புரிமை இன்ஜினை ஒதுக்கிவிட்டு, ஒற்றை உருளை இன்ஜின்களைக் கட்டத் தொடங்கினார். தன் சொந்தக் கண்டுபிடிப்பின் தோல்வியைத் தானே ஒப்புக்கொள்ளும் துணிவு எளிதில் வராது. கண்ணெதிரே கணக்கு இருக்கும்போது அது வருகிறது. மூடிய அறையில் இருந்திருந்தால் அவர் இன்னும் பத்தாண்டு அதைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். பகிர்வினால் அடுத்தவருக்கு வரும் நன்மையைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுகிறோம். தன் தவறான பாதையிலிருந்து விரைவில் திரும்பும் நன்மை, பகிர்ந்தவருக்கே கிடைக்கிறது.

அடுத்த அலை சாமுவேல் குரோஸ் என்பவருடையது. 1820-களின் பிற்பகுதியில் அவர் எந்திரத்தின் அடிப்படை அமைப்பைத் தொடவேயில்லை. பாய்லர், உருளை, நீராவிக் குழாய் அனைத்தையும் வெப்பம் வெளியேறாதபடி மூடிப் பொதிந்தார், அவ்வளவுதான். வீல் டோவன் சுரங்கத்தில் அவருடைய இன்ஜின் 8 கோடியைத் தாண்டியது. பெருமேதைக்குரிய கண்டுபிடிப்பு என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள், காப்புரிமை அலுவலகத்தில் இதற்குப் பெரிய மரியாதையும் கிடைத்திருக்காது. ஆனால் அறிக்கையில் அந்த எண் வந்ததும் மற்ற பொறியாளர்களும் தங்கள் இன்ஜின்களுக்குப் போர்வை போர்த்தினார்கள். 1835-இல் வில்லியம் வெஸ்ட் கட்டிய ஃபோவி கான்சல்ஸ் சுரங்க இன்ஜின் நம்ப முடியாத எண்ணைக் காட்டியபோது, சக பொறியாளர்களே சந்தேகப்பட்டார்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு நாள் முழுவதும் சோதனை நடந்தது. முடிவு: 12.5 கோடி. நியூகோமன் வகையைப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மிகவும் செம்மைப்படுத்தியபோதும் ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவுதான், வாட் காலத்தின் நல்ல இன்ஜின் 2 கோடியைச் சுற்றி. 1840-களில் கார்ன்வால் இன்ஜின்களின் சராசரியே ஏறத்தாழ 6 கோடியாகிவிட்டது. லண்டன் பொறியாளர்கள் இந்த எண்களைப் பொய் என்றார்கள். 1830-களின் முடிவில் கிழக்கு லண்டன் குடிநீர் நிறுவனம் ஒரு கார்ன்வால் இன்ஜினை வாங்கி ஓட்டிப் பார்த்தபின் அந்தப் பேச்சு அடங்கியது. ஹாலந்தின் ஹார்லெம் ஏரியை வற்றடித்து நிலமாக்க, 144 அங்குல உருளை கொண்ட ராட்சத இன்ஜினை 1849-இல் ஹெய்ல் ஊரின் ஹார்வி பட்டறைதான் வார்த்து அனுப்பியது.

இந்த வளர்ச்சியில் எந்த ஒரு படியையும் தனியாக எடுத்தால் அது புரட்சி இல்லை. அழுத்தத்தைச் சற்றுக் கூட்டுவது, வால்வை முன்னதாக மூடுவது, பாய்லரின் பரப்பை அகலமாக்குவது, கரியை மெல்லிய படலமாகப் பரப்பி மெதுவாக எரியவிடுவது, குழாயைப் பொதிவது என்று ஒவ்வொன்றும் சிறியது. ஒருவர் கண்டது இன்னொருவர் கண்டதோடு சேர்ந்தபோதுதான் பலன் பெருகியது. சேர வேண்டுமானால் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவுகோலில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். குடத்துக்குள் வைத்த விளக்குகள் நூறு இருந்தாலும் அறை இருட்டாகவே இருக்கும். பொறியாளர்கள் தியாகிகளாகவும் இருக்கத் தேவைப்படவில்லை. அவர்கள் ஒரே நேரத்தில் பல சுரங்கங்களுக்கு ஆலோசகராக வேலை பார்த்தவர்கள். அறிக்கையில் பெயர் மேலே ஏறினால் அடுத்த சுரங்கம் அவரைத்தான் கூப்பிடும். அவர்கள் விற்றது கைத்திறனும் அனுபவமும், யோசனையை வெளியிட்டது அதற்கு விளம்பரமாயிற்று. ஆகவே 1812-க்குப் பிறகு கார்ன்வால் பொறியாளர்கள் எடுத்த நீராவிக் காப்புரிமைகள் மிகச் சில என்பதில் வியப்பில்லை. பதிவேட்டில் இருக்கும் பெயரே அவர்களுக்குப் போதுமான உரிமைப் பத்திரமாக இருந்தது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. காப்புரிமை இல்லாவிட்டால் வாட்டின் இன்ஜினே வந்திருக்குமா என்பது முதல் கேள்வி. வாட்டுக்குப் பணம் போட்ட ஜான் ரோபக் 1770-களின் தொடக்கத்தில் திவாலானார். போல்டன் போன்ற ஒருவர் துணிந்து முதலீடு செய்ய ஏதோ ஓர் உத்தரவாதம் தேவைப்பட்டது என்பதை ஏற்கலாம். ஆனால் முதல் 14 ஆண்டு உரிமைக்கும், தனிச்சட்டத்தால் நீட்டிய 1800 வரையிலான உரிமைக்கும் வேறுபாடு உண்டு. 1780-களின் தொடக்கத்துக்குள்ளேயே கார்ன்வாலின் பெரும்பாலான நியூகோமன் இன்ஜின்கள் போய் வாட் இன்ஜின்கள் வந்துவிட்டன. ஆபத்தான முதலீட்டுக் காலம் அத்தோடு கடந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் பூட்டு, செய்த வேலைக்கு ஊதியம் என்பதைத் தாண்டி, பிறர் செய்யவிருந்த வேலைக்குத் தடையாக மாறியது. புத்தம்புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கக் குறுகிய காலப் பாதுகாப்பு உதவலாம், பிறந்ததை வளர்க்கத் திறந்த பகிர்வு வேண்டும் என்று வரலாற்றைப் படித்தால், இரண்டு தரப்பின் சான்றுகளும் பொருந்திவருகின்றன.

டிரெவிதிக் ஏழையாகச் செத்தார் என்பது இரண்டாவது மறுப்பு, இதுதான் மனத்தைத் தைப்பது. ஊர் முழுக்க அவர் வழியில் இன்ஜின் கட்டிச் சம்பாதித்தது. அவரோ 1816-இல் பெருவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் போய், 1827-இல் வெறுங்கையோடு திரும்பி, நாடாளுமன்றத்திடம் உதவி கேட்டுக் கிடைக்காமல், 1833-இல் டார்ட்ஃபர்டில் இறந்தபோது உடன் வேலை செய்தவர்கள் அடக்கச் செலவை ஏற்க வேண்டியிருந்தது. பகிர்ந்ததால் வந்த கதி என்று இதைச் சொல்வது எளிது. ஆனால் அவர் 1802-இல் உயர் அழுத்த இன்ஜினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தவர், அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. ஒன்றை முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவும் இயல்பு, கைகொடுக்காத வணிகக் கூட்டுகள், தென் அமெரிக்கப் போர்கள் எல்லாம் அவருடைய வறுமையில் பங்காளிகள். இதே திறந்த முறைக்குள் நின்று வேலை பார்த்த குரோஸும் வெஸ்டும் நிலையான தொழிலோடு இருந்தார்கள். இருந்தாலும் இந்த மறுப்பில் ஓர் உண்மை இருக்கிறது: யோசனையைப் பகிர்பவருக்குப் பிழைப்பு வேறெங்கிருந்தாவது வர வேண்டும். பகிர்வைப் போற்றும் சமூகம், பகிர்பவரின் சோற்றுக்கு வழி செய்யாமல் அவரிடம் பெருந்தன்மையை மட்டும் எதிர்பார்த்தால், அது சுரண்டலாகிவிடும்.

மூன்றாவதாக, கார்ன்வால் ஒரு விதிவிலக்கு என்பார்கள். சுரங்கங்கள் ஒன்றோடொன்று விலையில் போட்டியிடவில்லை, செம்புத் தாது ஏலத்தில் ஸ்வான்சி உருக்காலைக்காரர்களுக்குப் போனது, பக்கத்துச் சுரங்கத்தின் கரிச் செலவு குறைந்தால் தன் விற்பனை குறையப்போவதில்லை. அதோடு ஒரே பங்குதாரர் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தார், எல்லா இன்ஜினும் மேம்பட்டால் அவருக்கு எல்லாப் பக்கமும் லாபம். இது முழுக்க உண்மை. ஆனால் இந்த நிலைமைகள் 1800-இலும் இருந்தன, அப்போது பகிர்வு நடக்கவில்லை. சாதகமான நிலைமை வாய்ப்பைத் தந்தது, அறிக்கைதான் அதைப் பயனாக்கியது. மேலும் எழுத்து, இசை, கட்டடக்கலை, மென்பொருள் என்று படைப்பாளிகளின் பெரும்பாலான களங்களை உற்றுப் பார்த்தால், அவர்களும் யோசனையை விற்றுப் பிழைப்பதைவிட அதைச் செய்து முடிக்கும் திறனை விற்றுத்தான் பிழைக்கிறார்கள். ஒரு கதைக்கரு வெளியே தெரிந்தால் கதை எழுதுபவருக்கு அதிகம் நட்டமில்லை. அந்தக் கருவை இன்னொருவர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கே லாபம். விதிவிலக்காகத் தோன்றும் கார்ன்வால், இந்த வகையில் நம்மில் பலருடைய நிலைமைக்கு மிக அருகில் இருக்கிறது.

நான்காவது குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. கார்ன்வாலின் திறந்த கணக்கில் பொறியாளர் பெயர் உண்டு, பாய்லருக்கு முன் நின்று கரி அள்ளிப்போட்டவர் பெயர் கிடையாது. மெல்லிய படலமாகக் கரியைப் பரப்பும் அவருடைய கைப்பக்குவம் இல்லாமல் அந்த எண்கள் வந்திருக்காது. மேலே தாதுப்பாறையை உடைத்த பெண்களுக்கும் அதில் இடமில்லை. இதன் நீட்சி நம் பக்கத்திலேயே தெரிகிறது. கார்ன்வாலின் பெருஞ்சுரங்கமான கன்சாலிடேட்டட் மைன்ஸை நடத்திய ஜான் டெய்லரின் குடும்ப நிறுவனம், 1880-இல் கோலார் தங்கவயலின் நிர்வாகத்தை எடுத்தது. கார்ன்வாலிலிருந்து தேர்ந்த சுரங்கக்காரர்கள் மேற்பார்வைக்கு வந்தார்கள். பாறைக்கடியில் உயிரைப் பணயம் வைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதியினர். பொறியாளர்கள் தங்களுக்குள் அறிவைத் தாராளமாகப் பகிர்ந்துகொண்ட மரபு, தொழிலாளியைத் தன் வட்டத்துக்குள் சேர்க்கவில்லை. ஆகவே யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்காமல் திறந்த பகிர்வைப் புகழ்வது அரைகுறைப் பேச்சு. ஆனால் இந்தக் குறைக்குப் பரிகாரம் மூடுவதில் இல்லை, இன்னும் அகலமாகத் திறப்பதில் இருக்கிறது.

1850-களிலிருந்து அறிக்கையில் சேரும் சுரங்கங்கள் குறைந்தன. சராசரி டியூட்டியும் சரியத் தொடங்கியது. சுரங்கங்கள் ஆழமாகிவிட்டன, பல இன்ஜின்கள் முதுமையடைந்தன, 1860-களில் செம்பு விலை விழுந்து பல சுரங்கங்கள் மூடின, இவை எல்லாமே காரணங்கள். எண்ணை உயர்த்தும் ஆசையில் இன்ஜின்களைத் தாங்க முடியாத அளவுக்கு வருத்தியதும் உண்டு. பெயரளவில் அறிக்கை 1904 வரை வந்தது. எந்த அமைப்பும் ஒரு துறையை நிரந்தரமாக வாழவைக்காது, கார்ன்வாலின் முறையும் அப்படித்தான். அது நிரூபித்தது வேறொன்று. வாட் போன்ற ஒரு மேதையைச் சுற்றி வேலி இருந்த 25 ஆண்டுகளில் அவர் காட்டிய உயரத்தை யாரும் தாண்டவில்லை. நடுத்தரத் திறமை கொண்ட பலர் தங்கள் வேலையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த உயரம் சாதாரணமாகிவிட்டது.

இன்றைய படைப்பாளிக்கு இதில் கிடைக்கும் பாடம் தெளிவானது, கொஞ்சம் கண்டிப்பானதும்கூட. யோசனையை வெளியே சொன்னால் மட்டும் போதாது. பிறர் சரிபார்க்கும்படி, என்ன செய்தேன், என்ன விளைந்தது, எது சரிவரவில்லை என்று கணக்கோடு சொல்ல வேண்டும். பிறருடைய யோசனையை எடுத்தால் அவர் பெயரையும் அட்டவணையில் எழுத வேண்டும். இந்த இரண்டு ஒழுங்கும் இருந்தால் திருட்டு என்ற அச்சத்தில் பெரும்பகுதி தானாகக் கரைந்துவிடும். எல்லோரும் பார்க்க, இது இன்னாருடையது என்று பதிவான ஒன்றைத் திருடுவது எளிதல்ல. அதைத் தொடர்ந்து வளர்க்க மட்டுமே முடியும். அப்படி வளர்ந்தது தன் கையைவிட்டுப் போய்விட்டதே என்று வருந்துபவர், வூல்ஃப் செய்ததைச் செய்யலாம்: அடுத்தவர் வளர்த்ததைத் தானும் எடுத்துக்கொண்டு அடுத்த இன்ஜினைக் கட்டலாம்.